பரம்பைத் தூக்குவது எப்படி: இழுக்கும் சங்கிலி வேறு, தூக்கும் சங்கிலி வேறு

ஐப்பசியில் பருவமழை இறங்குவதற்குள் புழுதி உழவு முடிந்து, நெல்லை வீசி, மண்ணால் மூடியிருக்க வேண்டும். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், முதுகுளத்தூர் வட்டாரத்து மானாவாரி நெல்லுக்கு இதுதான் கணக்கு. விதை மேலாகக் கிடந்தால் குருவிக்கும் எறும்புக்கும் போகும். ஆழத்தில் விழுந்தால் முளை மேலே வரத் திணறும். மாடு இருந்த காலத்தில் பலகைப் பரம்பு அடித்தார்கள், முள்ளைக் கட்டி இழுத்தார்கள். டிராக்டர் வந்தபின் கொக்கிக் கலப்பையையே மேலாக ஓட்டி மூடிவிடுகிறவர்கள் அதிகம். கட்டி உடைந்து, விதை ஒரே ஆழத்தில் மூட வேண்டும் என்று நினைப்பவருக்குப் பல் பரம்பு நல்லது. இரும்புச் சட்டம், அதில் ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் கீழ்நோக்கிய பற்கள், முன்னால் இரண்டு சங்கிலி. சாமான் அவ்வளவுதான்.

கொக்கிக் கலப்பையை மூன்று இடத்தில் மாட்டியிருப்பதால் நெம்புகோலைத் தொட்டால் எழும். பரம்பு எழாது. சங்கிலியில் இழுபடும் பொருளுக்குத் தன்னைத் தூக்கிக்கொள்ளும் வழி கிடையாது.

இந்த வட்டாரத்தில் அது சின்னக் குறை அல்ல. சீமைக்கருவேலத்தை வெட்டித் திருத்திய புஞ்சையில் மரம் போனாலும் வேர் போகாது. பரம்பு நாலு பாகம் ஓடுவதற்குள் வேர்த்துண்டும் முள்ளும் பழைய தாளுமாகப் பற்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்த பரம்பு மண்ணைக் கிளறாது, வாரும். விதையையும் சேர்த்து வாரிக்கொண்டு போய் வரப்போரம் குவிக்கும். முளைத்த பிறகு பார்த்தால் ஒரு பட்டை வெறுமையாகவும், ஓரத்தில் நாற்றங்கால் போல அடர்த்தியாகவும் நிற்கும். இதைத் தவிர்க்க ஓட்டுநர் அடிக்கடி இறங்கி, கடப்பாரையால் சட்டத்தை நெம்பி, முள்ளைக் கையால் பிடுங்க வேண்டும். சீமைக்கருவேல முள் செருப்பையே துளைத்துவிடும், கை எம்மாத்திரம்?

  

பரம்பையும் டிராக்டரே தூக்கினால் இந்தத் தொல்லை இல்லை. கருவியை டிராக்டரே தூக்கும் ஏற்பாட்டுக்குப் பின்னால் ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் இருக்கிறார். முதல் உலகப் போர்க் காலத்தில் டிராக்டர் உழவை மேம்படுத்தும் வேலையில் இறங்கியவர், தனியே இழுபடும் கலப்பையின் ஆபத்தைக் கண்டார். கலப்பை பாறையில் மாட்டி நின்றால், சக்கரம் சுழல முடியாமல் டிராக்டரின் முகப்பு எழுந்து ஓட்டுநர்மேலேயே கவிழும். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் தூக்கி என்ற அவருடைய ஏற்பாட்டைக் கொண்ட டிராக்டர் 1936-இல் விற்பனைக்கு வந்தது. 1939-இல் போர்டு நிறுவனமும் அதை எடுத்துக்கொண்டது. பெர்குசனின் பெயர் ஒட்டிய மாசி பெர்குசனோடு கூட்டு வைத்துத்தான் 1960-இல் சென்னையில் டாபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. இன்று எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்பக்கம் போய் நின்றாலும் அந்த மூன்று கையைப் பார்க்கலாம்.

பரம்பைத் தூக்க அந்தக் கைகளையே பயன்படுத்த வேண்டும். கீழ்க்கைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குச் சட்டம். அதன்மேல் முக்கோணமாக ஒரு நிலை. அதன் உச்சியில் மேல்கையான டாப் லிங்க். அங்கிருந்து பின்னால் நீட்டிய ஒரு கை, பரம்பின் நடுவுக்கு நேர் மேலே வந்து முடிய வேண்டும். கையின் நுனியிலிருந்து பரம்பின் நாலு மூலைக்கும் நாலு சங்கிலி. ‘சி’ சேனலும் ஆங்கிளும் வாங்கிக் கொடுத்தால் வெல்டிங் பட்டறையில் செய்துவிடுவார்கள். “எம்புட்டுக் கனம் தூக்கணும்ணே?” என்று பட்டறைக்காரர் கேட்பார். பரம்பின் எடையை மட்டும் சொன்னால் போதாது. மண்ணும் வேரும் அடைத்த பரம்பின் எடையைச் சொல்ல வேண்டும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். தூக்கும் சங்கிலியை விறைப்பாகக் கட்டி, அதையே இழுக்கவும் விடுகிறார்கள். அப்படிக் கட்டினால் பரம்பு மேடு பள்ளத்துக்குத் தகுந்து மிதக்காது. டிராக்டரின் முன்சக்கரம் ஒரு வரப்பில் ஏறினால் பின்னால் நீட்டிய கை தாழும். பள்ளத்தில் இறங்கினால் கை எழுந்து, பற்கள் மண்ணை விட்டு வெளியே வரும். ஓடும்போது தூக்கும் சங்கிலி அரை அடியாவது தொய்ந்து தொங்க வேண்டும். இழுப்பு முழுவதும் தாழ்வாக, குறுக்குச் சட்டத்திலோ இழுவைக் கொக்கியிலோ மாட்டிய தனிச் சங்கிலியில் வர வேண்டும். அந்தச் சங்கிலி குட்டையாக இருந்தால் பரம்பின் மூக்கு எழும்பும். நீளமாக விட்டால் பரம்பு படிந்து ஓடும். டாப் லிங்க் மாட்டும் உயரத்தில் இழுவையைக் கட்டவே கூடாது. பெர்குசன் தடுக்கப் பார்த்த அதே கவிழ்ப்பை நாமே கூப்பிடுவதாகிவிடும்.

தூக்கும் சங்கிலிகளில் முன்னிரண்டைப் பின்னிரண்டைவிடக் கொஞ்சம் குட்டையாக விடுவது நல்லது. தூக்கும்போது முதலில் மூக்கு எழும், அடைத்த முள் பின்வழியாகச் சரிந்து விழும். இறங்காமலே பரம்பு சுத்தமாகும்.

கீழ்க்கைகள் ஏறுவது ஏறத்தாழ இரண்டடி. தொய்வு அரை அடி போனால் மிச்சம் ஒன்றரை. பல்லின் நீளத்துக்கு அது போதும். போதாது என்று கை நுனியில் கப்பி வைத்து, கயிற்றின் ஒரு முனையை டிராக்டர் உடலிலேயே கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரம்பு இரட்டை உயரம் ஏறும். ஆனால் கப்பியின் இரு பக்கமும் கயிறு இழுப்பதால் நீட்டிய கைமேல் விழும் சுமையும் ஏறத்தாழ இரட்டிக்கும். கடலோர ஊர்களில் சும்மா கிடைக்கும் பழைய படகுக் கயிறு இதற்கு ஆகாது. வெயிலில் இற்றுப்போன நைலான் வெளியில் திடமாகத்தான் தெரியும்.

எடையைவிட அது தொங்கும் தூரம் முக்கியம். நிறைகுடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி 200 கிலோ தொங்குகிறது, முன் பின் அச்சுகளுக்கு இடையே 1.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்சக்கரத்திலிருந்து 210 கிலோ குறைந்துவிடும். ஸ்டியரிங் இலேசாகும். சமநிலத்தில் சமாளிக்கலாம், கண்மாய்க் கரையில் ஏறும்போது முகப்பு திரும்பாமல் நேரே போகும். முன்னால் எடைக்கட்டிகள் மாட்டுவதும், நீட்டிய கையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குட்டையாக வைப்பதும்தான் வழி.

தூக்கிய பரம்புக்கு அடியில் கையை விட்டு முள் எடுப்பதை எந்த அவசரத்திலும் அனுமதிக்கக் கூடாது. ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தாலோ, யாராவது நெம்புகோலைத் தட்டிவிட்டாலோ பற்கள் நேராக இறங்கும். சட்டத்துக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

தூக்கியபடியே அடுத்த ஊருக்கு ஓட்டிப் போகலாமா என்று கேட்டால், வயல் விட்டு வயல் போகலாம் என்பேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுவதானால் வேண்டாம். டிராக்டரைவிட அகலமான பரம்பு சங்கிலியில் ஊசலாடும், ஓரமாகப் போகும் சைக்கிளை ஒரு பல் தொட்டால் போதும். கழற்றி டிரெய்லரில் ஏற்றிவிடுவது நல்லது.