வீட்டு சர்வர் ராத்திரி தானா ஆஃப் ஆகணுமா? முதல்ல பேக்கப் டைமைப் பாருங்க!

போட்டோவுக்கு ஒரு சந்தா, பேக்கப்புக்கு ஒரு சந்தா என்று மாதாமாதம் பணம் கட்டுவதற்குப் பதில், பழைய டெஸ்க்டாப்பையே வீட்டு சர்வராக மாற்றி வைத்திருக்கிறீர்களா? நல்ல ஐடியாதான். ஆனால் அது 24 மணி நேரமும் ஓடும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அது மட்டும் ஏன் முழிச்சிருக்கணும்?

எவ்வளவு மிச்சமாகும்?

சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுக்கும் சர்வர் என்று வைத்துக்கொள்வோம். இரவு 1 முதல் காலை 7 மணி வரை அணைத்தால், தினமும் 0.3 யூனிட் மிச்சம். இரண்டு மாத இபி பில்லில் 18 யூனிட். கம்மியா தெரியலாம். ஆனால் தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழே உள்ள யூனிட்களில் ஒரு பகுதிக்கும் கட்டணம் கூடும். அந்த எல்லையில் நிற்கும் வீட்டுக்கு 18 யூனிட் பெரிய விஷயம். சுமார் 3 வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை என்றால், மிச்சம் ஒரு யூனிட்தான். அப்படியே விட்டுடலாம்.

சுவிட்சை அணைத்தால் போதாதா?

வேண்டாம். ஒரு ஃபைல் எழுதப்படும்போது கரண்ட் போனால், அது பாதியில் நின்று கெட்டுப்போகலாம். ஷட்டவுன் கட்டளை கொடுத்தால், ஓடும் புரோகிராம்களை முறையாக மூடி, டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதிய பிறகே சர்வர் அணையும்.

எப்படி செட் பண்றது?

லினக்ஸில் ரூட் பயனரின் க்ரான்டேப்பில் ஒரே ஒரு வரி போதும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில் '0 1 * * *' என்று எழுதி, பக்கத்தில் ஷட்டவுன் கட்டளையைச் சேர்த்தால் தினமும் இரவு 1 மணிக்கு வேலை நடக்கும். 10 நிமிட அவகாசமும் கொடுங்கள். அப்போது லாகின் செய்திருப்பவருக்கு எச்சரிக்கை போகும், தேவைப்பட்டால் ரத்து செய்யலாம். விண்டோஸில் இதற்கு டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. சைனாலஜி நாஸில் கன்ட்ரோல் பேனலிலேயே பவர் ஷெட்யூல் உண்டு.

பலரும் கோட்டை விடும் இடம், டைம் ஸோன். சர்வர் கடிகாரம் யூடிசியில் இருந்தால், அதன் இரவு 1 மணி நமக்குக் காலை 6.30!

பேக்கப் என்ன ஆகும்?

இதுதான் முக்கியம். பேக்கப், டிஸ்க் சோதனை போன்ற வேலைகளைப் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் வைத்திருப்போம். 2 மணிக்கு பேக்கப், 1 மணிக்கு ஷட்டவுன் என்றால் பேக்கப் ஒருநாளும் நடக்காது. போனில் இருந்து டெலிட் செய்த குடும்ப போட்டோவைத் தேடும் நாளில்தான் அது தெரியவரும். அதனால் பேக்கப்பை இரவு 11 மணிக்கு மாற்றுங்கள். பேக்கப் இன்னும் ஓடினால் ஷட்டவுனை அரை மணி நேரம் தள்ளிப்போடும்படி, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைப்பது இன்னும் பாதுகாப்பு.

காலையில் யார் ஆன் பண்றது?

பயாஸில் ஆர்டிசி அலாரம் வைத்தால், 7 மணிக்குத் தானாக ஆன் ஆகும். லினக்ஸில் 'ஆர்டிசி வேக்' கட்டளையும் இருக்கிறது. தேவைப்படும்போது மட்டும் எழுப்ப, வேக்-ஆன்-லேன் வசதியை ஆன் செய்து போனிலிருந்தே சிக்னல் அனுப்பலாம். ஒரு எச்சரிக்கை: 'கரண்ட் வந்ததும் ஆன் ஆகு' என்று பயாஸில் இருந்தால், ராத்திரி கரண்ட் போய் வந்ததுமே சர்வர் எழுந்துவிடும். 'முன்பிருந்த நிலை' என்று மாற்றிவிடுங்கள்.

யாருக்கு இது வேண்டாம்?

சிசிடிவி பதிவு அந்த சர்வரில்தான் என்றால் அணைக்கவே கூடாது. பை-ஹோல் போன்ற விளம்பரத் தடுப்பான் அதில் ஓடினாலும் யோசியுங்கள். சர்வர் அணைந்ததும் வீட்டில் 'நெட் வரல' என்ற குரல்தான் கேட்கும்.

முதல் சோதனையைப் பகலில், பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். மறுநாள் காலை சர்வர் எழுந்ததா என்பதோடு, கடைசி பேக்கப்பின் தேதியையும் பாருங்கள். நேற்றைய தேதி இருந்தால், இனி நீங்களும் நிம்மதியா தூங்கலாம்.