ஆழாக்கு எண்ணெய்

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 1068ஐ ஒட்டியது, ஓர் ஆதுலர் சாலையின் (மருத்துவமனையின்) வரவுசெலவைச் சொல்கிறது. சாலைக்கு வீரசோழன் என்று பெயர். நோயாளிகள் கிடக்க 15 கட்டில்கள். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை (அறுவை மருத்துவம்) செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் தருபவர் ஒருவர். கையிருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் ஏறக்குறைய இருபது. இந்தக் கல்வெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டில்களையும் மருந்துப் பட்டியலையும் சொல்லிப் பெருமைப்பட்டு முடித்துவிடுவார்கள். பூச்சிக்கடி, விஷக்கடி பற்றிய இந்த வாரக் கட்டுரைக்கு வேண்டியது வேறொரு சின்ன வரி: சாலையில் இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு, அதற்கு இரவொன்றுக்கு ஆழாக்கு எண்ணெய். 360 இரவுக்குக் கணக்குப் போட்டால் 45 நாழி. அதையும் விடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கடிக்கும் கொட்டுக்கும் கைகண்ட மருந்து எது என்று நாம் ஓயாமல் கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது, அந்த நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள் என்பது.

தேளிலிருந்து தொடங்கலாம், அது இரவுப் பிராணி. பகலில் செங்கல் குவியலிலும் விறகுக் கட்டிலும் கூரை ஓட்டின் இடுக்கிலும் கிடந்துவிட்டு, விளக்கணைத்த பிறகு இரை தேடி வெளியே வரும். நம் பக்கத்துச் செந்தேளுக்கு 1798இல் ஃபெப்ரீசியஸ் என்ற டென்மார்க்கு அறிஞர் வைத்த அறிவியல் பெயர் 'டாமுலஸ்'. தமிழ் என்ற சொல்லின் திரிபு. உலகின் ஆபத்தான தேள்களில் ஒன்றுக்கு நம் மொழியின் பெயர் ஒட்டிக்கொண்டதில் பெருமைப்பட ஒன்றுமில்லைதான். தென்னையில் தேள் கொட்டப் பனையில் நெறி கட்டியதாம் என்று தொடர்பில்லாததைக் கேலி செய்வோம். செந்தேளின் விஷம் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது: கொட்டுவது கால் விரலில், அடி வாங்குவது இதயம். நரம்பு முனைகளிலிருந்து அட்ரினலின் வகை ரசாயனங்கள் வெள்ளமாகப் பாய, வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கைகால் சில்லிடும், கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கும். குழந்தைகள்தான் இதில் அதிகம் தோற்பார்கள்.

மகாராஷ்டிரத்தின் மகாட் வட்டாரத்தில் 1970களின் பிற்பகுதியில் கிராமப்புற அரசு மருத்துவராக இருந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இதைப் பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்துவைத்தார். அப்போது கடுமையாகப் பாதிக்கப்பட்டு வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை இறந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு என்று வந்த பிரசோசின் மாத்திரையை 1980களில் அவர் தேள்கொட்டுக்குத் தரத் தொடங்கிய பிறகு சாவு மிக அரிதாயிற்று. அந்த மாத்திரை விஷமுறிவு அல்ல. விஷம் கிளப்பிவிட்ட வெள்ளத்திலிருந்து ரத்தக் குழாய்களையும் இதயத்தையும் காப்பது. பிரசோசினோடு தேள் விஷமுறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் விரைவில் தேறுகிறார்கள் என்று 2011இல் அவரே ஒரு சோதனையில் காட்டினார். இவற்றில் எதுவும் அபூர்வமான பொருள் இல்லை. ஆனால் கொட்டிய சில மணி நேரத்துக்குள், வியர்வையையும் சில்லிட்ட கையையும் பார்த்தே புரிந்துகொள்ளும் ஒருவரிடம், அவை கையிருப்பில் இருக்கவேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. தலைமுறை தலைமுறையாக மந்திரித்தும் வேப்பிலை அடித்தும் சுண்ணாம்பு தடவியும் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசியும் ஊரில் பிழைக்கவில்லையா? பிழைத்தார்கள். ஏனென்றால் பெரும்பாலான கொட்டுகள் உயிரை எடுப்பவை அல்ல. பார்க்கப் பயங்கரமான கருந்தேள் கொட்டினால் வலி கொல்லும், ஆள் சாவது மிக அரிது. செந்தேள் கொட்டியவர்களிலும் பலருக்கு வலியோடு போய்விடும். தானாக இறங்கும் வலிக்கு, இறங்கும் நேரத்தில் எது பக்கத்தில் இருந்ததோ அதற்குப் பெயர் கிடைக்கிறது; இறந்தவரின் கணக்கு விதியின் பேரில் எழுதப்படுகிறது. தேனீ விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றை ஒன்று முறிக்கும் என்று பள்ளி வேதியியலைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. கொட்டு தோலுக்கு அடியில் இறக்கியது பெரும்பாலும் புரதம். மேலே தடவிய சுண்ணாம்பு அங்கே போய்ச் சேராது. அதற்காக மந்திரிப்பவரைச் சிரித்துத் தள்ளிவிடவும் முடியாது. நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வந்தவர் அவர்தான். சோழர் காலத்து ஊர்களில் விஷம் தீர்ப்பவருக்கு நிலம் விட்டு, அதற்கு விஷஹர போகம் என்று பெயரும் வைத்தார்கள். அவர் கொடுத்த மருந்து எப்படியோ, அப்படி ஒருவரை ஊரிலேயே இருத்தி வைக்கவேண்டும் என்ற எண்ணத்தில் பிழையில்லை.

தேனீ, குளவி, கதண்டு விஷயத்தில் மணிக்கணக்கு நிமிடக் கணக்காகிவிடுகிறது. தேனீயின் கொடுக்கு முள்ளோடு தோலில் தங்கிவிடும், விஷப்பையும் கூடவே இருந்து இறைத்துக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டுவதா, விரலால் கிள்ளி எடுப்பதா என்று விவாதிப்பது வீண். 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் கையிலேயே கொட்டவிட்டுப் பார்த்து, எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே கணக்கு என்று கண்டார்கள். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை, அதனால் ஒன்றே பலமுறை கொட்டும். நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்கினால் விஷத்தின் அளவே ஆபத்து. ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும்: உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, மயக்கம். அதற்கு முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அவில் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சை மீட்காது. அப்படியானால் ஒவ்வொரு குளவிக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா என்றால், வேண்டாம். கொட்டிய இடம் மட்டும் வீங்கி வலித்தால் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒற்றடம் வைத்தால் போதும். கொட்டு வாய்க்குள்ளோ தொண்டையிலோ பட்டாலும், கொட்டாத இடத்தில் உடம்பு பேசத் தொடங்கினாலும் உடனே கிளம்பவேண்டும், வண்டி இல்லையென்றால் 108ஐ அழைக்கவேண்டும்.

வலியே இல்லாத கடி இன்னொரு வகை. காணாக்கடி என்ற சொல் நம்மிடம் பொதுவாகத் தடிப்புக்கும் அரிப்புக்கும் வழங்குகிறது. ஆனால் உண்மையான காணாக்கடி, புதரிலிருந்து ஏறும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பது. உண்ணிக் காய்ச்சல் வட தமிழக மாவட்டங்களுக்குப் புதிதல்ல. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும்போது கடித்தது யாருக்கும் நினைவிருக்காது. அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு சிலருக்கு இருக்கும். அதைத் தேடிப் பார்க்கிற மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்துவிடுவார், விலை குறைந்த பழைய மாத்திரை.

திருமுக்கூடல் சாலை ஊருக்கெல்லாம் திறந்திருந்த ஆஸ்பத்திரி அல்ல. கோயில் பணியாளர்களுக்கும் அங்கே வேதம் படித்த மாணவர்களுக்கும்தான். தேள்கொட்டு என்ற சொல்லைக்கூட அந்தக் கல்வெட்டின் கணக்கில் தேடவேண்டாம். ஆகவே அதைக் காட்டி, அன்றே நம்மிடம் எல்லாம் இருந்தது என்று சொல்வது சரியாகாது. இன்று மூன்று செவிலியர்கள் முறைவைத்து இருக்கும் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு, அவற்றின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அவை முதன்மையாகப் பிரசவத்தை மனத்தில் வைத்து உண்டானவை. இரவு 2 மணிக்கு அந்த அறையின் அலமாரியில் பிரசோசினும் அட்ரினலினும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா, அவற்றைத் தானே எடுத்துக் கொடுக்க அங்கிருக்கும் செவிலியருக்கு எழுத்தில் அனுமதி உண்டா என்பது ஒவ்வோர் ஊரிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். கேட்பதற்குப் பகல் நேரமே நல்லது.