பாசி விடும் புரோமின், ஆலை விடும் புரோமின்

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் உள்ள தளவாய்புரத்துக்கும் தூத்துக்குடிக் கடலுக்கும் நேர்கோட்டில் சுமார் நூறு கிலோமீட்டர். காற்றுக்கு அது ஒரு தூரமே இல்லை. கடல் மேலிருந்து வரும் காற்றில் உப்பு மட்டுமல்ல, புரோமோஃபார்ம் என்ற ஆவியும் மிக நுண்ணிய அளவில் இருக்கிறது. ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், மூன்று புரோமின் சேர்ந்த மூலக்கூறு. வெயிலில் சிதைய மூன்று வாரம் போல ஆகும். அதற்குள் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியும் போய்விடும்.

இதைத் தயாரிப்பவற்றில் முக்கியமானவை கடற்பாசிகள். வெயிலில் ஒளிச்சேர்க்கை மும்முரமாகும்போது பாசியின் செல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்கிறது. வனேடியம் கலந்த ஒரு நொதி அந்தப் பெராக்சைடைக் கொண்டு கடல்நீரின் புரோமைடைக் கரிமப் பொருளோடு சேர்த்துவிடுகிறது. நச்சுப் பெராக்சைடும் தீரும்; மேய வரும் உயிர்களையும் ஒட்ட வரும் கிருமிகளையும் விரட்ட ஒரு மருந்தும் கிடைக்கும். மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை: ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு.

அதே புரோமைடிலிருந்து மனிதனும், வேண்டாமலே, புரோமோஃபார்மைத் தயாரிக்கிறான். கல்பாக்கம் அணுமின் நிலையம் கடலடியில் சுமார் அரை கிலோமீட்டர் நீளும் சுரங்கம் வழியாகக் குளிர்விப்பு நீரை எடுக்கிறது. சிப்பியும் கொட்டலசும் உள்ளே ஒட்டி வளர்ந்து வழியை அடைக்காமலிருக்கக் குளோரின் கலக்கிறார்கள். குளோரின் நொடிகளில் புரோமைடைத் தாக்கிப் புரோமினை விடுவிக்கிறது; அது நீரில் கரைந்த கரிமப் பொருளோடு சேர்ந்து புரோமோஃபார்ம் ஆகிறது. கல்பாக்கம் விஞ்ஞானிகள் அளந்தபோது, குளோரினால் உண்டான துணைப்பொருள்களில் முதலிடம் இதற்குத்தான். வெளியேறும் நீர் சூடாக இருப்பதால் ஆவியாவதும் எளிது.

இத்தனை சிறிய அளவுக்கு ஏன் கவலை? ஓசோனை அழிப்பதில் ஒரு புரோமின் அணு, ஒரு குளோரின் அணுவைவிட ஐம்பது அறுபது மடங்கு வல்லது. 2014 ஜூலை, ஆகஸ்டில் ‘சோனே’ என்ற ஜெர்மானிய ஆய்வுக் கப்பல் மேற்கு இந்தியப் பெருங்கடலில் புரோமோஃபார்ம் போன்ற ஆவிகளை அளந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அவற்றை ஓசோன் படலம் இருக்கும் அடுக்குமண்டலம் வரை ஏற்றிவிடுகிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை தரும் அதே காற்றுதான்.

உலக அளவில் பாசியும் நுண்பாசியும் விடுவதே பெரும்பங்கு. அதற்காக யாரும் பாசியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் போவதில்லை. மான்ட்ரியல் ஒப்பந்தமும் புரோமோஃபார்மைக் கட்டுப்படுத்தவில்லை. ஆலையின் குளோரின் அளவைத் தேவைக்கு மேல் போகாமல் பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மண்டபம் பக்கம் ‘பெப்சி பாசி’ என்று சொல்லும் கப்பாஃபைகஸ் வளர்ப்பை அரசு மானியம் தந்து பெருக்குகிறது. பாசி எடுக்கும் பெண்களுக்கு அது நல்ல வருமானம், வேண்டியதுதான். ஆனால் மலேசியாவில் அளந்து பார்த்ததில் இந்தப் பாசியும் புரோமோஃபார்ம் விடுவது தெரிந்தது. இந்தப் பண்ணைகளுக்குப் பணம் ஒதுக்கும்போது, அங்கே நீரிலும் காற்றிலும் இதைத் தொடர்ந்து அளக்கவும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.