நிழற்படம் அளவுகோலாகும் விதம்

1858ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத் தேவாலயத்தை அளக்கச் சென்ற மைடன்பவர் என்னும் கட்டடக் கலைஞர், உயரத்திலிருந்து விழும் தறுவாயில் உயிர் தப்பினார். ஏறி அளப்பானேன், நிழற்படத்திலேயே அளக்கலாகாதோ என்ற எண்ணம் அவருக்கு அதனாற் பிறந்தது.

விரலை முகத்தின்முன் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாலும் மாறி மாறி நோக்குங்கள். விரல் இடம்பெயரும், தொலைவிலுள்ள மரமோ அசையாததுபோல் நிற்கும். இப்பெயர்ச்சியின் அளவே தூரத்தைப் புலப்படுத்துகின்றது.

இன்று சாதாரணக் கமராவால் கட்டட வேலைத்தலத்தைச் சுற்றிவந்து படம்பிடித்தாற் போதும். ஒரே புள்ளி படத்துக்குப் படம் பெயர்வதைக் கணினி கணித்து, முப்பரிமாண உருவத்தை அமைக்கின்றது. ஆயினும் படம் வடிவத்தையே தரும், மெய்யளவைத் தராது. தலத்திலே ஒரு நீளத்தையேனும் மனிதன் நாடாவால் அளந்து கொடுத்தல் வேண்டும். அவ்வோரளவு தவறின், உருவம் முழுவதும் தவறும்.