கால் வீங்கினால் மாத்திரையை நிறுத்தலாமா?



இரத்தக்கொதிப்புக்கு இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையாகக் கொடுப்பது இப்போது வழக்கம். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இக்கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

வார்டில் நாங்கள் கேட்பது: "ஐயா, மாத்திரை போட்டதிலேருந்து கால் வீங்குது, யானைக்காலோ?" தஞ்சைப் பக்கம் யானைக்காலைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமே. ஆனால் அம்லோடிபின் சேர்ந்த மாத்திரையால் இரு கணுக்கால்களும் வீங்குவதுண்டு. தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டினால், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

டெல்மிசார்டன் சேர்ந்ததைக் கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது. கர்ப்பம் என்று தெரிந்தவுடனே சொல்லிவிட வேண்டும். நடவு முடிந்து இடுப்புவலிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரை (எங்களில் சிலரும் வாங்கியவர்களே) கொதிப்பை ஏற்றி, சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். குனிந்து நிமிர்கையில் தலைசுற்றினால் வரப்பில் உட்கார்ந்துவிடுங்கள். ஒரு வேளை மறந்துபோனால், மறுவேளை இரண்டாக விழுங்க வேண்டாம்.