நல்ல வேலை வந்தது, ரூ.2 லட்சம் போனது!

வங்கி அதிகாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

வேலையில் சேர்ந்தாச்சு. பத்திரத்தில் கையெழுத்தும் போட்டாச்சு. அப்புறம்தான் அதைவிட நல்ல வேலை ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. "அடடா, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே!" என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு வங்கி அதிகாரியின் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்விட்டது.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விஜயா வங்கி, 2006-ம் ஆண்டு 349 அதிகாரிகள் தேவை என்று விளம்பரம் செய்தது. கூடவே ஒரு நிபந்தனை. 3 வருடம் முடியுமுன் வேலையை விட்டால் ரூ.2 லட்சம் கட்ட வேண்டும்.

1999 முதல் அதே வங்கியில் இருந்த அந்த அதிகாரியும் மனு போட்டார். சீனியர் மானேஜர் பதவி கிடைத்தது. 2007 செப்டம்பரில் சேர்ந்தார்.

2009 ஜூலையில் ராஜினாமா கடிதம் கொடுத்தார். காரணம், ஐ.டி.பி.ஐ. வங்கியில் வேலை. இன்னும் 14 மாதம் தாக்குப்பிடித்திருந்தால் ஒரு பைசா கட்ட வேண்டாம். ஆனால் புது வேலை அதுவரை காத்திருக்குமா?

அக்டோபரில் ரூ.2 லட்சத்தை ஆட்சேபத்துடன் கட்டினார். பிறகு கோர்ட்டுப் படி ஏறினார்.

ஐகோர்ட்டில் வெற்றி

கர்நாடக ஐகோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பானது. வங்கி விடவில்லை, அப்பீல் செய்தது. 2025 மே 14-ந் தேதி நீதிபதிகள் நரசிம்மா, ஜாய்மால்யா பக்சி ஆகியோர் அதை ரத்து செய்தார்கள்.

"வேறு வேலைக்குப் போகாதே" என்று இந்த நிபந்தனை தடுக்கவில்லை. ஆகவே ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுக்கு விரோதமில்லை என்பது கோர்ட்டின் முடிவு. பொதுத்துறை வங்கி ஆள் எடுப்பதென்றால் விளம்பரம், தேர்வு என்று செலவு உண்டு. நடுவில் ஒருவர் போனால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. அந்தப் பதவியின் சம்பளத்துக்கு ரூ.2 லட்சம் கட்டமுடியாத தொகையும் அல்ல என்றார்கள்.

இதைக் காட்டித் தனியார் கம்பெனிகளும் இஷ்டத்துக்குத் தொகை எழுதி வாங்கிவிடலாமா? அது நடக்காது. பத்திரத்தில் எவ்வளவு போட்டிருந்தாலும், அதற்கு மேற்படாமல் நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும் என்கிறது அதே சட்டத்தின் 74-வது பிரிவு.

இதில் ஒரு வேடிக்கை. தீர்ப்பு வந்தபோது விஜயா வங்கியே இல்லை. 2019 ஏப்ரல் 1-ந் தேதி அது பரோடா வங்கியுடன் இணைந்துவிட்டது.