தேவனாம்பட்டினத்துக்கு வந்த ஐரோப்பியப் பகை

கடலூர் தேவனாம்பட்டினத்தின் சில்வர் பீச்சில் சுண்டல் கொறிக்கும் நண்பர்களிடம் நான் வலிந்து சொல்லும் கதை இது. 1580இல் போர்ச்சுகல் முடியும் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பிடம் போனது. அந்தக் கத்தோலிக்கக் கூட்டரசை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் புராட்டஸ்டண்ட் டச்சுக்காரர்கள். பகை கப்பலேறி இங்கும் வந்தது.

செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சன்னதித் திருப்பணி செய்தவர். இயேசு சபைப் பாதிரியார் பிமெந்தாவையும் வரவேற்றவர். 1608இல் அவரே தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரருக்கு இடம் கொடுத்தார். (சாமர்த்தியசாலி!) போர்த்துக்கீசியர் விடவில்லை, வேலூரில் விஜயநகரப் பேரரசர் வேங்கடபதி ராயர் வரை போய் அதைத் தடுக்கப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு மியூனிக்கில் பவேரியாவின் மாக்சிமிலியன் கத்தோலிக்கக் கூட்டணி அமைத்தார். அது ஜெர்மன் மண்ணின் விவகாரம். நம் கரையில் மதம் பாதி, துணி வியாபாரம் பாதி என்பேன். 1612இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் பழவேற்காட்டு டச்சுப் பண்டகசாலையை அழித்தார்கள். மறு ஆண்டே அங்கே டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது.